புள்ளி தெரியாத வினாத்தாள்

பார்வை குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், வினாத்தாளை ஏ3 தாளில் பெருப்பித்துக் கொடுப்பதோடு நம்மில் பலர் நிறுத்திவிடுகிறோம். ஏ4 ஐ ஏ3 ஆக்கினால் நீள அகலம் 141 சதவீதம்தான். 12 அளவு எழுத்து ஏறக்குறைய 17 ஆகும், அவ்வளவே. மங்கிய போட்டோகொப்பி என்றால் மங்கலும் சேர்ந்து பெருக்கும். அதில் முதலில் தொலைவது மெய்யெழுத்தின் புள்ளி: ‘பல்’, ‘பல’ ஆகிவிடும். அடுத்து ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றாகும். தாளின் பிழையைப் பிள்ளையின் எழுத்துப்பிழை என்று நினைத்துச் சிவப்புப் பேனையால் வெட்டுகிறோம். இது அநியாயம்.

ஏ4 தாளிலேயே புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். வரி இடைவெளி 1.5, சாய்வெழுத்து வேண்டாம், பளபளக்காத தடித்த தாள், ஒருபக்க அச்சு. எழுத்தின் அளவைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். ஒரே பந்தியை 16, 20, 24 அளவுகளில் அச்சிட்டுக் கொடுத்து, எதைப் பத்து நிமிடம் களைக்காமல் வாசிக்கிறார் என்று பாருங்கள். பார்வைப் பரப்பு சுருங்கிய பிள்ளைக்கு எழுத்து மிகப் பெரிதானால் ஒரு சொல்லே முழுதாகக் கண்ணுக்குள் அடங்காது.

திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருள், பாவிக்கும் பிள்ளைக்கு வேறொரு வில்லங்கம். நம் பாடக்குறிப்புகளில் பல இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுவது. திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும் அடியில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே சேமிக்கும் யுனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழெழுத்தாக்கிக் குழப்பிவிடும். படமாக ஸ்கேன் செய்த பீடிஎஃப் அனுப்பினால் வாசிப்பதற்கு அதில் எழுத்தே இல்லை.

பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். “இதை அங்கே கொண்டுபோனால் இது வரும்” என்பதில் அந்தப் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. “மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து, சமன் இருபது. இரு பக்கமும் ஐந்தைக் கழிக்கிறேன். மூன்று எக்ஸ் சமன் பதினைந்து.” இப்படிச் சொன்னால் பின்வரிசையில் இருப்பவருக்கும் விளங்கும்.

முன்வரிசைதான் நல்லது என்றும் இல்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் கடலைப் பார்த்த வகுப்பறைகளில் பிற்பகல் வெயில் வெண்பலகையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். யன்னலுக்கு முதுகு காட்டி இருத்துங்கள். கண்மணி தானாக ஆடும் பிள்ளைகள் பலருக்குத் தலையைச் சரித்தால் ஆட்டம் குறையும். “நேராக இரு” என்று அதட்ட வேண்டாம். கொப்பியை முகத்தருகே பிடிப்பதால் கண் கெடாது. 20 சென்டிமீற்றரில் பிடித்ததை 10 க்குக் கொண்டுவந்தால் எழுத்து இரண்டு மடங்காகத் தெரியும், அதற்காகத்தான் அப்படிப் பிடிக்கிறார்.

பிரெயில் சட்டத்தில், அதாவது தாளைச் செருகி ஊசியால் புள்ளி குத்தும் சட்டத்தில், எழுதுபவர் தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்துகிறார். வாசிக்கத் தாளைத் திருப்ப வேண்டும். குறிப்புச் சொல்லும்போது அந்த நேரத்தைக் கொடுங்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்கான விசேட ஏற்பாடுகளுக்குப் பாடசாலை ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எழுத உதவியாளர் வருவதாயிருந்தால் தரம் 10 தவணைப் பரீட்சைகளிலேயே பழக்குங்கள். கேத்திர கணித நிறுவலை இன்னொருவர் கைக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பது ஒரு நாளில் வராது.