ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?

அக்கா பொண்ணு ராத்திரி போன் பண்ணா ரெண்டே விஷயம்தான், ஒண்ணு அவங்கம்மா மேல கம்ப்ளெயின்ட், இல்லைன்னா அசைன்மென்ட். நேத்து ரெண்டும் சேர்ந்தே வந்துச்சு. "சித்தி, அம்மா இன்னும் தூங்கலையான்னு திட்றாங்க, ரூட் லோகஸ் வரமாட்டேங்குது, சாஃப்ட்வேர்ல பக் இருக்கு." எல்லாம் ஒரே மூச்சுல.

சாஃப்ட்வேர்ல பக்காம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிக்கிற எந்தப் புள்ளையும் "நான் தப்பா டைப் பண்ணிட்டேன்"னு எனக்கு இதுவரைக்கும் போன் பண்ணதே இல்ல. எல்லாருக்கும் பக்தான். இந்தக் குடும்பத்துல ஒருத்தி கன்ட்ரோல் படிச்சுத் தொலைச்சதால பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் என் பொறுப்பு, மாமனார் போன்ல எழுத்து சின்னதாயிட்டாலும் என் பொறுப்பு, இதுல ரூட் லோகஸாவது (ஒரு சிஸ்டத்தோட கெயின, அதாவது பெருக்கற அளவ, ஏத்திக்கிட்டே போனா அது எப்ப நிலை குலையும்னு காட்டற படம்) என் சப்ஜெக்ட்டேங்கறதால கொஞ்சம் ஆசையாவே எந்திரிச்சு உக்காந்தேன்.

ஸ்கிரீன்ஷாட் அனுப்புடின்னா லேப்டாப்ப போன்ல போட்டோ எடுத்து அனுப்புறா. கோணலா, பாதி எரர் மேல டியூப் லைட் வெளிச்சம் வேற. மிச்சப் பாதியப் படிச்சதுல புரிஞ்சது இதுதான்: கன்ட்ரோல்ங்கற மாட்யூல் பாதிதான் லோட் ஆகியிருக்கு, அதுல டிஎஃப்னு, அதாவது சிஸ்டத்த எஸ்ல ஒரு பின்னமா எழுதற டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன உருவாக்கற ஒண்ணு, கிடையாது, அனேகமா சர்குலர் இம்போர்ட்டா இருக்கும்.

"ஃபைலுக்கு என்னடி பேரு வெச்ச?"

"கன்ட்ரோல் டாட் பை. கன்ட்ரோல் லேப்தானே சித்தி."

லைப்ரரி பேரும் கன்ட்ரோல். பைத்தான் இம்போர்ட்னு சொன்ன உடனே முதல்ல அந்த ஃபோல்டர்லயேதான் தேடும், இவ ஃபைலு அங்கயே கெடக்கு, அதனால இவ எழுதின ப்ரோகிராம் தன்னையே கூப்பிட்டு தன்கிட்டயே டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் கேட்டு நின்னுருக்கு. சரி சின்னப்புள்ள. ஆனா மேட்லேப்ல சொந்த ஸ்கிரிப்டுக்கு, ரூட் லோகஸ் வரையற ஃபங்ஷனோட பேரான ஆர்லோகஸ்னே பேர் வெச்சு சேவ் பண்ணிட்டு ஆர்லோகஸ் ஓடலைன்னு வந்த பெரிய மனுஷங்களயும் எனக்குத் தெரியும். ஃபைனல் டைமுக்கு டிஎஃப்னு ஒரு வேரியபிள் வெச்சுட்டு அடுத்த வரியிலயே டிஎஃப் ஃபங்ஷன கூப்பிட்டு அது இன்டெக்ஸ் எரர் அடிச்சதும் டூல்பாக்ஸ் கரப்ட் ஆயிடுச்சுன்னு திரும்ப இன்ஸ்டால் பண்ண ஆளும் உண்டு. பேரு சொல்லமாட்டேன், நம்ம குரூப்லதான் இருக்காரு.

பேர மாத்துன்னேன். மாத்திட்டேன்னா. அதே எரர். என்னன்னு பாத்தா மகாராணி மாத்தல, காப்பி பண்ணி வேற பேர்ல ஒரு ஜூப்பிட்டர் நோட்புக்ல (ப்ரோகிராம செல் செல்லா பிரிச்சு தனித்தனியா ஓட்டலாம்) போட்டு வெச்சிருக்கா, பழசும் அங்கயே பத்திரமா இருக்கு. "அதுல நான் கஷ்டப்பட்டு எழுதினதெல்லாம் இருக்கே சித்தி." அவங்கம்மா வாரிசுன்னு நிரூபிச்சுட்டா, எங்கக்காவும் ஒரு பழைய கவரக் கூட தூக்கிப் போடமாட்டா.

அது ஒருவழியா டெலீட் ஆகி, படம் வந்துச்சு. வந்ததுதான் வினை.

கணக்கு ரொம்ப சாதுவான கணக்கு. கே பை எஸ் இன்டூ எஸ் பிளஸ் 2 இன்டூ எஸ் பிளஸ் 4. கேதான் கெயின். மூணு போல், அதாவது கீழ இருக்கறது சைபராகற எஸ் மதிப்பு, 0, மைனஸ் 2, மைனஸ் 4. ஒவ்வொரு போல்ல இருந்தும் ஒரு கோடா மூணு பிராஞ்ச் வரணும். ஒண்ணு மைனஸ் 4ல இருந்து நேரா இடது பக்கமா போயிடும், மத்த ரெண்டும் எதிரெதிரா வந்து மைனஸ் 0.845 கிட்ட முட்டி, பிரிஞ்சு, மேல கீழ வளைஞ்சு வலது பக்கம் போகும், எப்ப நடுவுல செங்குத்தா நிக்கற இமாஜினரி ஆக்சிஸ தாண்டுதோ (தாண்டினா சிஸ்டம் ஸ்டேபிள் இல்ல) அந்த கெயின கண்டுபிடின்னு கேள்வி. புஸ்தகத்துல விடை 48. இவளுக்கு வந்த படத்துல ரெண்டே பிராஞ்ச், மைனஸ் 3ல சந்திச்சு செங்குத்தா மேலயும் கீழயும் போகுது, வலது பக்கமே திரும்பிப் பாக்கல.

"48ஐ காணோம் சித்தி. கெயின லட்சத்துக்கு ஏத்திட்டேன், அப்பவும் ஸ்டேபிளாத்தான் இருக்கு. கோடி போட்டுப் பாக்கவா?"

கோடி என்ன, கோடி கோடி போட்டாலும் அது மைனஸ் 3லயேதான் நிக்கும். பெருக்கி விரிச்சப்போ எஸ் க்யூப் பிளஸ் 6 எஸ் ஸ்கொயர் பிளஸ் 8 எஸ் வந்திருக்கு, குணகங்கள 1, 6, 8னு டைப் பண்ணியிருக்கா. கடைசில எஸ் இல்லாத உறுப்பு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு டைப் பண்ணணும்னு விட்டுட்டா. அந்த ஒரு சைபர் இல்லன்னா சாஃப்ட்வேருக்கு அது எஸ் ஸ்கொயர் பிளஸ் 6 எஸ் பிளஸ் 8, சிஸ்டமே வேற, இன்டக்ரேட்டரே காணாமப் போச்சு, ரெண்டாவது ஆர்டர், எந்த கெயினுக்கும் ஸ்டேபிள். அது கொடுத்ததுக்கு சரியாத்தான் வரைஞ்சிருக்கு, பாவம் அதப் போய் பக்குங்கறா.

இதுக்கு நடுவுல அவ க்ளாஸ் குரூப்ல தனி ரகளை. ஒரு பையனுக்கு விடை 47 வந்திருக்கு, ரவுண்டிங் எரர்னு எல்லாரும் ஏகமனதா முடிவு பண்ணிட்டாங்க. அதக் கேட்டதும் எனக்குத் தூக்கம் சுத்தமா போயிடுச்சு, ஏன்னா இது ரவுண்டிங் இல்ல, அழகான தப்பு. அவன் ஓப்பன் லூப்ப, அதாவது ஃபீட்பேக் போடாத சிஸ்டத்த, குடுக்காம ஃபீட்பேக் போட்டு க்ளோஸ் பண்ணதக் குடுத்திருக்கணும். ரூட் லோகஸ் ஃபங்ஷன் தானே சுத்தி ஒரு லூப் போட்டுக்கும், ஏற்கனவே ஒரு லூப் உள்ள இருந்தா, சிஸ்டத்த ஜி-ன்னு வெச்சா, ஜி-யும் கே ஜி-யும் கூடி மொத்த கெயின் ஒன் பிளஸ் கே ஆயிடும். கோடு அதே கோடுதான், ஆனா 0ல ஆரம்பிக்காம கெயின் 1ல இருந்து ஆரம்பிக்கும், அதனால எல்லா கெயின் விடையும் கரெக்டா ஒண்ணு கம்மியா வரும். 48க்கு 47. அவன்கிட்ட கேட்டுச் சொல்லுன்னேன், ரெண்டு நிமிஷத்துல "ஆமா சித்தி, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது"ன்னு மெசேஜ். இந்த ஒரு வரிக்காகத்தான்யா மனுஷி ராத்திரில போன எடுக்கறது.

சரி, இவ கதைக்கு வருவோம். கடைசில ஒரு 0 சேருன்னேன். சேத்தா. படம் மாறல. அதே ரெண்டு பிராஞ்ச், அதே மைனஸ் 3.

போட்டோல பாத்தா 1, 6, 8, 0 தெளிவா இருக்கு. ஓப்பன் லூப்தானான்னு கேட்டா ஆமாங்கறா. சேவ் பண்ணி வெச்ச பழைய படத்தத் திறக்கலையேன்னா இல்லங்கறா. நான் கண்ணாடிய மாட்டிக்கிட்டு உக்காந்து யோசிக்கிறேன், நியூமரிக்கல் பிரச்சனையா இருக்குமோன்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு, ஏன்னா ஆர்டர் பெருசாச்சுன்னா ரூட்ஸ் கண்டுபிடிக்கறது அப்படி ஒண்ணும் நம்பற விஷயம் இல்ல. வில்கின்சன்னு ஒருத்தர் 1ல இருந்து 20 வரைக்கும் ரூட்ஸ் உள்ள ஒரு பாலினாமியல எடுத்து, மைனஸ் 210னு இருக்கற ஒரே ஒரு குணகத்துல 2இன் அடுக்கு மைனஸ் 23, அதாவது ஒரு கோடில ஒண்ணுங்கற மாதிரி ஒரு துளிய மாத்தினாரு, 20ல 10 ரூட் காம்ப்ளெக்ஸா ஓடிப்போச்சு. பத்து போல் ஒரே இடத்துல இருக்கற மாதிரி விரிச்சு எழுதிப் பாருங்க, எல்லாம் சின்ன வட்டமா செதறி நிக்கும். ஆனா இது வெறும் மூணாவது ஆர்டர், இங்க வில்கின்சன் எல்லாம் வரமாட்டார், இதையெல்லாம் நான் அவளுக்கு விளக்கமா சொல்லிட்டு இருக்கேன், அந்தப் பக்கம் அவ ம்ம் போடறா, அந்த நேரத்துல பக்கத்துல போர்வைக்குள்ள இருந்து ஒரு குரல்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தாளா?"

இவர்தான். இவருக்கு உலகத்துல இருக்கற எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான் வைத்தியம். டிவி, மோடம், மிக்சி, எங்க மாமியாரோட காது மிஷின். நான் கோவமா இருந்தாக் கூட "ஒரு அரை மணி நேரம் தூங்கி எந்திரி"ம்பார், அதுவும் இதே தத்துவம்தான். நான் சொன்னேன், இது லாஜிக் பிரச்சனைங்க, கணக்கு, பிளக்க புடுங்கி மாட்டற விஷயம் இல்ல. அதுக்குள்ள ஸ்பீக்கர்ல கேட்டுட்டு அவ "இருங்க சித்தப்பா"ன்னு நோட்புக்ல கெர்னல, அதாவது பின்னாடி கணக்குப் போடற இன்ஜின, ரீஸ்டார்ட் பண்ணி, எல்லா செல்லையும் மேல இருந்து ஓட்டிட்டா.

மூணு பிராஞ்ச்.

விஷயம் என்னன்னா ஜூப்பிட்டர் நோட்புக்ல குணகத்த ஒரு செல்லுல மாத்தியிருக்கா, ஆனா அந்த செல்லையும் சரி, ஜி-ய உருவாக்கற அடுத்த செல்லையும் சரி, ஓட்டவே இல்ல, கடைசில இருக்கற ப்ளாட் செல்ல மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கா. கண்ணுக்குத் தெரியறது புது ஜி, மெமரில குந்தியிருக்கறது பழைய ஜி. செல் பக்கத்துல இருக்கற நம்பர எனக்குப் போட்டோல வெளிச்சம் மறைச்சிருந்துச்சு. நான் அதைத்தான் அடுத்ததா கேக்க வந்தேன். சத்தியமா. இவர் நம்பல. போர்வைய விலக்கி எந்திரிச்சு உக்காந்து, லைட்டப் போட்டு, "என்ன, வந்துருச்சா?"ன்னு ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க, அந்தக் குரலுக்காகவே ஒரு சட்டம் போட்டுத் தடை பண்ணணும்.

அப்புறம் தூங்குவாரா? படத்தக் காட்டுன்னு வாங்கிப் பாத்தாரு. "இந்த ரெண்டு கோடும் ஏன் ரைட் சைடு சாயுது? சாஞ்சா ஆபத்துன்னா லெஃப்ட்ல ஒரு புள்ளிய வெச்சு இழுக்க முடியாதா?" நான் வாயத் திறக்கல. ஏன்னா முடியும். மைனஸ் 3ல ஒரு ஸீரோ, அதாவது கோட்டத் தன் பக்கம் இழுக்கற புள்ளி, வெச்சா அசிம்டோட், அதாவது கோடு தூரத்துல போய் ஒட்டிக்கிற நேர்கோடு, 60 டிகிரில இருந்து 90 ஆகி, மைனஸ் 1.5ல நேரா நிமிர்ந்துடும், எந்த கெயினுக்கும் வலது பக்கம் போகாது. இப்படிப் புள்ளி சேத்து சிஸ்டத்த சரி பண்றதுதான் காம்பென்சேட்டர், ஒரு முழு செமஸ்டர் பாடம் அது. கணக்குன்னாலே பாத்ரூம் போற மனுஷன் போர்வையப் போத்திக்கிட்டு சொல்லிட்டாரு. "சித்தப்பா ஜீனியஸ்"னு ஸ்பீக்கர்ல சத்தம் வேற.

அதோட முடிஞ்சுதான்னா இல்ல. அசிம்டோட் 60 டிகிரி வரணும், ப்ரொட்ராக்டர் வெச்சு அளந்தா 41 வருதுன்னா. எங்க அளந்தன்னு கேட்டா ரிப்போர்ட்ல ஒட்டின படத்துலயாம், பக்கத்த நிரப்பணும்னு ரெண்டு மடங்கு அகலமா இழுத்து ஒட்டியிருக்கா. படத்த அகலத்துல மட்டும் ரெட்டிப்பாக்கினா டேன் பாதியாகி 60 டிகிரி 41தான் ஆகும். இதுக்கும் பக்குன்னுதான் ஆரம்பிச்சா.

இதுல உச்சகட்டம் என்னன்னா அவங்க லேப்ல பிரிண்ட் அவுட் ஏத்துக்க மாட்டாங்களாம், கிராஃப் ஷீட்ல கையால வரைஞ்சு வரணுமாம், சாஃப்ட்வேர் படம் "ஒப்பிட்டுப் பாக்க" மட்டும். அப்ப இந்த ராத்திரி கூத்தெல்லாம் எதுக்குன்னு எனக்கு ஆத்திரம். எவன்ஸ் 1948ல இந்த முறைய எழுதினப்போ கையாலதான் போட்டாரு, ஆனா அவரே சலிச்சுப்போய் ஸ்பைரூல்னு ஒரு பிளாஸ்டிக் கருவி பண்ணி வித்தாரு, ப்ரொட்ராக்டர் மேல சுத்தற ஒரு கை, கோணத்தக் கூட்டிக்கிட்டே போகலாம். கண்டுபிடிச்ச ஆளுக்கே கருவி தேவைப்பட்டுச்சு, இந்தப் புள்ளைங்களுக்கு மட்டும் வெறும் ஸ்கேலு.

திட்டிக்கிட்டேதான் சொல்லிக் குடுத்தேன். குணகங்கள மட்டும் வெச்சு ஸ்டேபிளான்னு சொல்ற ரவுத் டேபிள் போடச் சொன்னேன், 6 இன்டூ 8 ஈக்வல் டு கே, 48 வந்துச்சு. எஸ் ஸ்கொயர் வரியில போட்டதும் ஜே ரூட் 8, அதாவது இமாஜினரி ஆக்சிஸ்ல தாண்டற உயரம். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "சித்தி, 2.83! படத்துலயும் அங்கதான் தாண்டுது!"ன்னு ஒரு கத்து, அவங்கம்மா எந்திரிச்சு வந்துட்டா. எங்கக்கா போன வாங்கி, மணி என்ன ஆகுது, ரெண்டு பேருக்கும் அறிவிருக்கான்னு என்னையும் சேத்துத் திட்டிட்டு வெச்சுட்டா. கத்தினது யாரு, திட்டு யாருக்கு. ஆனா அந்தக் கத்து நல்லா இருந்துச்சு. எனக்கு முதல்முதல்ல ரூட் லோகஸ் தாண்டற இடம் கையால வந்தப்போ கத்தறதுக்கு ஆள் இல்ல, ஹாஸ்டல்ல எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க.

காலைல பாத்தா இவர் போன்ல அவளோட மெசேஜ். அடுத்த எக்ஸ்பெரிமெண்ட் டிஸ்கிரீட் டைமாம் (நேரத்த விட்டு விட்டு எடுக்கற சிஸ்டம்), சித்தப்பா கொஞ்சம் ஃப்ரீயா இருங்கன்னு. இவரும் "லெஃப்ட்ல ஒரு புள்ளி வை"ன்னு பதில் போட்டுட்டாரு. அங்க லெஃப்ட்டும் கிடையாது ரைட்டும் கிடையாது, யூனிட் சர்க்கிளுக்கு, அதாவது ஆரம் 1 உள்ள வட்டத்துக்கு, உள்ளயா வெளியயான்னுதான். நான் சொல்லப் போறதில்ல.