தண்ணி வர்ற நாள்

2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக எழுபது நாள் வேலை பார்த்தேன். ஈரோடு மாவட்டத்தின் எட்டுத் தொகுதிகளில் ஒன்று. எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வருவார்கள், இல்லாவிட்டால் ஸ்வீட் பாக்ஸ் இல்லாமல் வருவார்கள். இரண்டும் எனக்கு ஆகாது.

தேர்தல் அலுவலகம் ஒரு கல்யாண மண்டபம். கொரோனாவில் முகூர்த்தங்கள் குறைந்துபோனதால் வாடகை மலிவாகக் கிடைத்தது. மணமகன் அறையில் ஏசி உண்டு; அங்கே நான்கு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் 'வியூகக் குழு' என்று ஏ4 தாளில் எழுதி ஒட்டியிருந்தது. நாங்கள் ஐந்து பெண்கள் மணமகள் அறையில். எங்கள் வாசலில் தாள் எதுவும் இல்லை. யாராவது கேட்டால் 'டேட்டா பிள்ளைங்க' என்பார்கள். சுவரில் பெரிய நிலைக்கண்ணாடி, அதில் எந்தெந்தக் கல்யாணத்திலோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். எழுபது நாளும் என் முகத்தை அந்தப் பொட்டுகளுக்கு நடுவில்தான் பார்த்தேன்.

வேலை என்னவென்றால், வாக்காளர் பட்டியலை உடைப்பது. பாகம் பாகமாக வரும் பட்டியலைத் தெருத் தெருவாக, வீடு வீடாகப் பிரித்து, யார் வெளியூரில், யார் இறந்துவிட்டார், யார் கல்யாணமாகிப் போய்விட்டார் என்று குறித்து, பூத் கமிட்டியிடம் கொடுக்க வேண்டும். அந்த வருடம் இன்னொரு தலைவலியும் சேர்ந்தது. தொற்றுக்குப் பயந்து ஒரு வாக்குச்சாவடிக்கு ஏறக்குறைய ஆயிரம் வாக்காளர்தான் என்று சாவடிகளைப் பிரித்துவிட்டார்கள். மாநிலம் முழுக்கச் சுமார் 89 ஆயிரம் சாவடிகள். இருபது வருடமாக ஒரே பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்ட பாட்டிக்கு இந்த முறை பக்கத்துத் தெரு அங்கன்வாடி. அவருக்கு யார் சொல்வது? பூத் ஸ்லிப் கொண்டுபோகும் ஆள்தான் சொல்ல வேண்டும். அந்த ஆள் டீக்கடையில் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் போச்சு.

சரி, தண்ணிக்கு வருகிறேன்.

மார்ச் கடைசி வாரம். பேரூராட்சி ஒன்றில் வேட்பாளர் வீதி வீதியாக நடந்து ஓட்டுக் கேட்டார். மூன்று வீதிகளில் ஆளே இல்லை. மேளக்காரரும் கட்சிக்காரர்களும்தான். ஆரத்தித் தட்டோடு நான்கு பெண்கள் வந்தார்கள், அவர்களும் பக்கத்து வார்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். (தட்டில் என்ன விழுந்தது என்பதைப் பற்றி நான் எழுதமாட்டேன்.) அன்று மதியம் மணமகன் அறை அவசரமாகக் கூடியது. 'அந்தப் பகுதியில் எதிர் அலை' என்று முடிவானது. நட்சத்திரப் பேச்சாளர் ஒருவரைக் கொண்டுவந்தால் சரியாகும் என்று தலைமைக்கு மெயில் போனது.

அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஓர் அக்கா பூ கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி, கட்சியில் பழைய ஆள். ஸ்லிப் கட்டு வாங்க வந்தவரை உட்காரச் சொல்லியிருந்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் மல்லிகைப் பூ விளையும் பக்கம். உதிரிப் பூவும் நாரும் பையில் இருந்தால் பெண்களின் கை சும்மா இருக்காது. கூட்டம் முடிந்ததும் எங்கள் அறைக்கு வந்தார்.

"ஏங்கண்ணு, செவ்வாக்கெழம காத்தால பத்து மணிக்கு அந்த வீதிக்கு யாரு வருவா? அன்னிக்குத்தான தண்ணி வருது. எட்டு நாளைக்கொருக்கா வர்ற தண்ணிய வுட்டுப்போட்டு உங்க ஆளப் பாக்க ஓடியாருவாளாக்கும்?"

எதிர் அலையும் இல்லை, ஒன்றும் இல்லை. குடம்.

"இத நீங்க உள்ளயே சொல்லியிருக்கலாமேக்கா?"

"கேட்டாங்களா?"

அன்று இரவு என் எக்செல் ஷீட்டில் ஒரு பத்தி சேர்த்தேன்: தண்ணீர். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வீதியாகக் கேட்டேன். ஒரு பத்தி நான்கானது. எந்த வீதிக்கு எந்தக் கிழமை தண்ணீர். எந்த வீதிப் பெண்களுக்கு மில் வேன் காலை ஏழரைக்கு வருகிறது, இரவு எத்தனை மணிக்கு இறக்கிவிடுகிறது. எந்த ஊரில் நூறு நாள் வேலை நடக்கிறது, எந்தக் குளத்தில். அப்புறம் பூப் பறிக்கும் வீதிகள். பூப் பறிக்கப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குத் தூங்கிவிடுவார்கள். பத்து மணி வரை மைக் கட்டலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒன்பதரைக்குப் போய் அந்த வீதியில் கத்தினால், ஓட்டு வராது, சாபம்தான் வரும். அக்காவுக்குத் தெரியாத ஊர்களுக்கு அவரே போன் போட்டு மற்றக் குழுத் தலைவிகளைப் பிடித்துக் கொடுத்தார். மூன்று நாளில் தொகுதியில் பாதி முடிந்தது.

அதை வைத்து வேட்பாளரின் பயணத்தை மாற்றினார்கள். மணமகன் அறைதான் மாற்றியது. வேட்பாளர் அண்ணனிடம் புரொஜெக்டர் போட்டுக் காட்டியபோது ஷீட்டுக்கு 'மைக்ரோ டைம் மேப்பிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'தண்ணீர்' என்ற பத்தி 'வாட்டர் சப்ளை சைக்கிள்' ஆகியிருந்தது. பிரமாதம் என்றார் அண்ணன். நான் புரொஜெக்டர் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது லூஸாக இருந்தது.

அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் சுமார் பத்து லட்சம் பேர் அதிகம். ஜெயித்து உள்ளே போன பெண்கள், 234-ல் 12 பேர்.

தேர்தல் முடிந்து, ஊரடங்கில் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது பெல் மாஸ்கோவிட்ஸ் என்ற பெண்மணியைப் பற்றிப் படித்தேன். நியூயார்க்கில் 1877-ல் ஒரு கடிகாரக்காரரின் மகளாகப் பிறந்தவர். முதல் கணவர் 1911-ல் இறந்தபோது கையில் மூன்று குழந்தைகள். சமூக சேவை, ஆயத்த ஆடைத் தொழிலில் முதலாளி-தொழிலாளி பஞ்சாயத்து என்று பல வேலைகள் பார்த்திருக்கிறார். நியூயார்க் மாநிலத்தில் 1917-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அடுத்த வருடமே ஆல் ஸ்மித் ஆளுநர் தேர்தலில் நின்றார், பெண்கள் ஓட்டைத் திரட்டும் வேலை பெல்லிடம் வந்தது. படித்த பெண்களின் சங்கம் ஒன்றில் பேச ஸ்மித் தயங்கியபோது, ஆண்களிடம் பேசுவதையே இவர்களிடமும் பேசுங்கள், நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தாராம். அதைப் படித்ததும் எங்கள் மகளிர் அணிக் கூட்டங்களில் வந்தவரெல்லாம் 'தாய்மார்களே' என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் தாய்மையைப் பற்றியே பேசியது ஞாபகம் வந்தது.

ஸ்மித் ஜெயித்தார். அதன்பிறகு பத்து வருடம் பெல் இல்லாமல் அவர் முக்கிய முடிவு எதுவும் எடுத்ததில்லை என்கிறார்கள். நியூயார்க் நகரத்தையே பின்னாளில் புரட்டிப்போட்ட ராபர்ட் மோசஸை ஸ்மித்தின் வட்டத்துக்குள் கொண்டுவந்தவரும் இவர்தான். அரசுப் பதவி எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆளுநரின் அறையில் ஆண்கள் கூடி விவாதிக்கும்போது ஓரமாக உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருப்பாராம். எல்லோரும் பேசி முடித்ததும் ஸ்மித் அந்தப் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பாராம்.

நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். கம்பளிக் கதையைச் சொன்னேன். "அந்தாளு கேட்டான்ல" என்றார். அவ்வளவுதான்.

1928-ல் ஸ்மித் ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஹூவரிடம் தோற்றார். பிரசாரத்தின் விளம்பரப் பொறுப்பு முழுக்க பெல்லிடம் இருந்தது. அடுத்து ஆளுநராக வந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டிடம், இவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்மித் சொல்லிப் பார்த்தார். அவர் வைத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொன்னவர்களில் அவர் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டும் ஒருவர். திறமை குறைவு என்பதால் இல்லை. வைத்துக்கொண்டால் ஆட்சி ஸ்மித்தினுடையதாகவே இருக்கும் என்று. ஒருவருக்காக மட்டுமே உழைத்தால், அவர் இறங்கும்போது நாமும் இறங்க வேண்டியதுதான் போலிருக்கிறது. 1933 ஜனவரியில் 55 வயதில் இறந்துபோனார். வரலாற்றாசிரியரான அவருடைய பேத்தி பிற்பாடு தேடியெடுத்து எழுதியதால்தான் இவ்வளவாவது தெரிகிறது.

திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. லியோன் பேக்ஸ்டர் என்று ஒருவர். கலிஃபோர்னியாவில் 1933-ல் க்ளெம் விட்டேக்கரோடு சேர்ந்து தேர்தல் வேலையைக் கூலிக்குச் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தத் தொழிலுக்கே அதுதான் ஆரம்பம் என்பார்கள். பிறகு இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள். முதலில் தங்கள் திட்டத்தை எழுதிவிட்டு, அப்புறம் எதிராளி என்ன திட்டம் போடுவான் என்பதையும் அவர்களே எழுதிப் பார்ப்பார்களாம். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் 1934-ல் நாவலாசிரியர் அப்டன் சின்கிளேர் ஆளுநர் தேர்தலில் நின்றபோது, அவர் நாவல்களில் பாத்திரங்கள் பேசிய வசனங்களைப் பிய்த்தெடுத்து, அவருடைய சொந்தக் கருத்து போல் நாள்தோறும் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போடவைத்தவர்களும் இவர்கள்தான். சின்கிளேர் தோற்றார். பின்னாளில் ஜனாதிபதி ட்ரூமன் கொண்டுவரப் பார்த்த தேசிய மருத்துவக் காப்பீட்டை எதிர்க்க டாக்டர்கள் சங்கம் பிடித்ததும் இவர்களைத்தான். அந்தத் திட்டமும் நிறைவேறவில்லை.

பேக்ஸ்டரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏப்ரல் 1-ஆம் தேதி எதிர் வேட்பாளரின் பழைய பேச்சு ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. மொத்தம் ஆறு நிமிடம். 'இவங்களுக்கெல்லாம் எதுக்குன்னு கேக்கறாங்க' என்று யாரோ சொன்னதை அவர் கண்டித்துப் பேசுகிறார். 'கேக்கறாங்க'வுக்கு முன்னால் வெட்டினேன். பன்னிரண்டு நொடி. யாரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. மணமகன் அறைக்கு அது தோன்றவும் இல்லை. நானே வெட்டி, நானே முதல் குரூப்பில் போட்டேன். மறுநாள் காலை என் அம்மாவின் போனுக்கு அது சுற்றி வந்தது. "இந்த மனுசனப் போயி நல்லவன்னு நெனச்சிட்டிருந்தேன் பாரு" என்றார் அம்மா. நான் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றிய பயணத்துக்கு எத்தனை ஓட்டு விழுந்தது, வெட்டிய பேச்சுக்கு எத்தனை விழுந்தது என்று எந்த ஷீட்டிலும் பிரிக்க முடியாது. நான் முயன்று பார்த்தேன்.

மே 2 எண்ணிக்கை. எங்கள் வேட்பாளர் ஜெயித்தார். நன்றிக் கூட்டத்தில் வியூகக் குழுவுக்குப் பொன்னாடை. 'கணினிப் பிரிவுத் தங்கைகளுக்கும் நன்றி' என்று ஒரு வரி வந்தது. உண்மையைச் சொன்னால், மேடைக்குக் கூப்பிட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன். 2024 நவம்பரில் டிரம்ப் தன் வெற்றி மேடையில், தன் பிரசாரத்தை நடத்திய சூசி வைல்ஸைப் பேசச் சொல்லி அழைத்தபோது, அவர் மைக் பக்கமே போகாமல் பின்வாங்கிய காட்சியைப் பார்த்து அந்தக் கூச்சம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் அவரை அழைத்துவிட்டுத்தான் விட்டார்கள். சில வாரங்களில் வெள்ளை மாளிகையின் முதல் பெண் தலைமை அதிகாரி ஆனார். அது வேறு கணக்கு.

அக்கா கதைதான் பாக்கி. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். பாதி இடங்கள் பெண்களுக்கு. அவர் வார்டும் பெண்கள் வார்டாக ஒதுக்கப்பட்டிருந்தது. சீட்டு அவருக்குத்தான் என்று வீதியே நினைத்தது. வார்டுப் பொறுப்பாளரின் மனைவிக்குக் கொடுத்தார்கள். போஸ்டரில் மனைவி படத்தைவிடப் புருசன் படம் பெரியது. அக்கா இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாவது நாள் அந்த வேட்பாளர் அம்மாவை எந்த வீதிக்கு எத்தனை மணிக்குக் கூட்டிப்போவது என்று என்னிடம் ஷீட்டைக் கேட்டார். எனக்குத்தான் கோபம் வந்தது. "அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு பாவம், அதும் குடந்தூக்கறவதான்" என்றார்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார்.

"கண்ணு, அந்த ஷீட்டு வெச்சிருக்கியா?"

"இருக்குதுக்கா."

"புதுசா பைப்பு மாத்திட்டாங்க. எங்க வீதிக்கு இப்ப வெள்ளிக்கெழம. கெழக்கால வீதிக்கு ஞாயித்துக்கெழம. எழுதிக்க."

"யாருக்குக்கா இப்ப?"

"யாருக்குன்னு அப்பறம் சொல்றேன். மொதல்ல மாத்து."

லேப்டாப்பைத் திறந்து செவ்வாயை அழித்து வெள்ளி என்று போட்டேன்.