பாஸ் முடிந்து ஒன்பதாம் நாள்

மலேசியாவின் பினாங்கில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. என் மாணவர் பாஸ், அதாவது இங்கே தங்கிப் படிப்பதற்கான அனுமதி, ஒரு திங்கட்கிழமையோடு முடிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததோ அடுத்த வாரம் திங்கட்கிழமை, ஊருக்கு டிக்கெட் பார்க்கப் பாஸ்போர்ட்டை எடுத்தபோதுதான். நாம் எல்லாவற்றையும் விசா என்போம். இங்கே கவுண்டரில் கேட்பது பாஸைத்தான்.

கல்லூரி வழியாக, வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் இஎம்ஜிஎஸ் அமைப்புக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். கல்லூரியே பார்த்துக்கொள்ளும் என்று நான் இருந்தேன். நான் படிவம் தருவேன் என்று அவர்கள் இருந்தார்கள்.

அன்று இரவு 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவைத் தேடிப் படித்தது பெரிய தப்பு. குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தூக்கம் போச்சு. எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு வேன் ஏறிப் போய் வா, புதுச் சீல் விழும் என்றான் அறைத்தோழன். எல்லையில் முதலில் பார்ப்பதே பழைய தேதியைத்தானே! இன்னொருவர் ஏஜெண்டு எண் கொடுத்தார். கெலுகோரில் நான் குடியிருந்த வீட்டு ஆன்ட்டிதான் தடுத்தார்: "பாஸ்போர்ட்ட எவன் கையிலயும் குடுக்காதீங்க தம்பி. நேரா போயி உண்மைய சொல்லுங்க."

கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் விளக்கினார்கள். பாஸ் முடியும் முன் விண்ணப்பம் போயிருந்தால் 'பாஸ் காஸ்' எனும் சிறப்பு பாஸோடு இங்கேயே காத்திருக்கலாம். என்னுடையது போகவே இல்லை. ஆகவே அதே பாஸ் காஸ் எடுத்து நாடு திரும்பி, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கல்லூரிக் கடிதம், நான் எழுதிய விளக்கம், உறுதியான விமான டிக்கெட், பாஸ்போர்ட் நகல்கள். குடிநுழைவு அலுவலகத்தில் காலை ஏழரைக்கே வரிசை. அதிகாரி ஸ்டிக்கரில் விரலை வைத்து நாளை எண்ணினார்; எனக்கும் கேட்கும்படி மலாயில், ஒன்றிலிருந்து ஒன்பது வரை. திட்டவில்லை. அபராதம் முன்னூறுக்குள் முடிந்தது, பாஸ் காஸுக்கு 100 ரிங்கிட். பறக்க வேண்டிய கடைசித் தேதியைக் குறித்துக் கொடுத்தார்.

ஒரு செமஸ்டர் போனதுதான் வலித்தது. புது அனுமதிக் கடிதம் வந்து, திரும்பி வந்ததும் மறுபடி மருத்துவப் பரிசோதனை. ஒருவழியாகப் பாஸ் கைக்கு வந்த அன்று ஆன்ட்டி அதை வாங்கிப் பார்த்தார். முடியும் தேதிக்கு மூன்று மாதம் முந்தைய தேதியை ஒரு தாளில் எழுதினார். அந்த வருடத்துக் காலண்டர் இன்னும் வரவில்லை என்பதால், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்.