சுக்குவின் முன்னங்காலும் என் ஸ்கூட்டர் சாவியும்

சுக்கு எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. நிறத்தை வைத்து வந்த பெயர். நாட்டு நாய். வயது இரண்டு இருக்கலாம் என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். காது நுனியில் சிறு வெட்டு, கருத்தடை செய்ததற்கு அடையாளம். அதற்கு முன் அவனுக்கு யார் சோறு போட்டார்கள், யார் கல்லெறிந்தார்கள் என்பது காப்பகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

முதல் வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கழிந்தது. வெளியே வந்தபோது மூன்று பழக்கங்களோடு வந்தான். வலது முன்னங்காலை ஓயாமல் நக்குவது, சோற்றுத் தட்டை வைத்ததும் அதை நான்கைந்து முறை வட்டமடிப்பது, சுவரில் விழும் வெளிச்சத்தையே முறைத்துக்கொண்டு நிற்பது. கண் பட்டிருக்கிறது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டு அக்கா வரை தும்மினார்.

மறுநாள் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன். எத்தனை மணிக்கு, அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, நான் என்ன செய்தேன். மூன்றும் ஒரே பயத்தின் மூன்று முகங்கள் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

நக்கலுக்கு மருத்துவர் முதலில் மனதைப் பற்றிப் பேசவே இல்லை. பாதத்தைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். மூன்றாவது இடுக்கில் ஆமணக்கு விதை போல் உப்பிய ஓர் உண்ணி! மணிக்கட்டுக்கு மேல் எச்சில் ஊறி ஊறி முடி செங்கல் நிறமாக மாறியிருந்தது, நடுவில் ரூபாய்க் காசு அளவுக்குச் சதை சிவந்திருந்தது. உண்ணி, பூஞ்சை, ஒவ்வாமை, மூட்டுவலி எதுவுமில்லை என்று ஆன பிறகுதான் பதற்றத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். பதற்றத்தைக் குறைக்கும் ஃபுளூவாக்சிடின் போன்ற மாத்திரைகள் நாய்களுக்கும் உண்டாம், ஆனால் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். அதைப் பிறகு பார்க்கலாம் என்று உண்ணிக்கு மட்டும் மருந்து கொடுத்தார். ஒரே வாரத்தில் நக்கல் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்கு நோட்டு பதில் சொன்னது. காலை 8.50, மதியம் 1.50. எட்டு நாளும் இரண்டாவது கட்டத்தில் ஒரே வரி: ‘சாவி எடுத்தேன்’. ஆணியில் தொங்கும் ஸ்கூட்டர் சாவி கிணுங்கியதும் முதலில் கொட்டாவி விடுகிறான், பிறகு மூக்கை நக்குகிறான், பிறகு காலுக்குப் போகிறான். தூக்கம் வருகிறது போல என்று அந்தப் பதற்றக் கொட்டாவியை நான் கொஞ்சியிருக்கிறேன். நான்காவது கட்டம் இன்னும் மோசம். ‘நக்காதே’ என்று கத்தினேன், நிமிர்ந்து பார்த்தான், தலையைத் தடவினேன். தனியாக விடப்போகிறார்களோ என்று தவிப்பவனுக்கு என் திட்டும் தடவலும் பரிசாகவே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அதனால் சாவியை அர்த்தமில்லாத பொருளாக்கினேன். எடுப்பேன், துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவேன், திரும்ப மாட்டுவேன். நாளுக்கு 15 முறை. மூன்றாம் நாள் காது மட்டும் அசைந்தது, ஆறாம் நாள் தலையைக்கூடத் தூக்கவில்லை. பிறகு வாசலுக்கு வெளியே 10 விநாடி, 30 விநாடி, 2 நிமிடம். இந்த இடத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக 20 நிமிடம் போய்விட்டு வந்தேன். மிதியடி நார்நாராகக் கிடந்தது. ஊளையைப் பற்றி அக்கா தெருமுனையிலேயே நிறுத்திச் சொன்னார். மறுபடியும் 2 நிமிடத்திலிருந்து தொடங்கினேன்.

வெளிச்சம் விஷயத்தில் குற்றவாளி என் மகன். டார்ச் அடித்து சுக்குவை ஓடவிட்டு விளையாடியிருக்கிறான். பந்தென்றால் கடைசியில் வாயில் அகப்படும். வெளிச்சம் அகப்படவே அகப்படாது, அதனால் வேட்டை முடிவதே இல்லை. டார்ச்சை அணைத்த பிறகும் ஒருமுறை 20 நிமிடம் வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றான். டார்ச்சைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். காலை வெயிலில் கூரையில் ஒளியை ஆடவிட்ட எவர்சில்வர் குடத்தையும் ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தினேன்.

அதற்குப் பதிலாக மூக்குக்கு வேலை கொடுத்தேன். முதுநகரிலிருந்து வாங்கிவந்த நெத்திலிக் கருவாட்டை உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து, துண்டாகக் கிள்ளி, பழைய லுங்கிக்குள் வைத்துச் சுருட்டிப் போடுவேன். முதல் நாள் 11 நிமிடம் திணறினான். இப்போது நான்கே நிமிடம். முடிந்ததும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு அங்கேயே படுத்துவிடுகிறான். லுங்கியின் வாடையைப் பற்றி வீட்டில் தனிப் புகார் உண்டு.

வட்டமடிப்பதற்கு நான் செய்தது ஒன்றுதான். தட்டைக் கூடத்தின் நடுவிலிருந்து மூலைக்கு நகர்த்தினேன். முதுகுக்குப் பின்னால் சுவர் வந்ததும் ஒரு வட்டத்தோடு நின்றுவிட்டது. இதை நோய் என்று நினைத்து மருந்து வரை யோசித்ததை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சில நாய்களுக்குப் பிறப்பிலேயே வரும் பழக்கங்களும் இருக்கத்தான் செய்கின்றன. டாபர்மேன்கள் தம் விலாவைத் தாமே சப்பும் பழக்கத்துக்கும் 7ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவுக்கும் தொடர்பு இருப்பதை 2010இல் கண்டறிந்தார்கள். சுக்குவுக்குத் தேவைப்பட்டது ஒரு மூலை.

இப்போது தனிமை 35 நிமிடம் வரை தாங்குகிறான், மதியத்தில் மட்டும் அம்மா துணை. புண் மேல் முடி முளைத்துவிட்டது. அடுத்த கவலை தீபாவளி. போனில் பட்டாசுச் சத்தத்தை வைத்து, கூடவே நெத்திலி கொடுத்துப் பழக்குகிறேன். ஒலியளவு மூன்றாவது கோடு வரை மென்றுகொண்டே இருக்கிறான். நான்கு வைத்தால் வாயில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிறான். பத்து நாளாக மூன்றிலேயே நிற்கிறோம்.