காலாவதியான ஈஸ்ட்டை எழுப்பிப் பார்த்தேன்: கோத்தகிரி குளிரில் மூன்று ஜாடிகள்

இங்கிலாந்தில் லீட்ஸில் இருந்த நான்கு வருடமும் வாடகை வீட்டுச் சமையலறையில் ஸ்ட்ராங் பீர் காய்ச்சியிருக்கிறேன். அங்கே 1963இலேயே சொந்தக் குடிப்புக்குக் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, வீட்டில் காய்ச்சினால் குற்றம், அதனால் ஊர் திரும்பியதும் பானையைக் கவிழ்த்துவிட்டேன். ஆனால் அந்த வேலையில் எனக்கு எப்போதும் பிடித்தது பீரை விட ஈஸ்ட் ஸ்டார்ட்டர்தான். 8 சதவீதப் பீர் 20 லிட்டர் வேண்டுமென்றால் சுமார் 30,000 கோடி ஈஸ்ட் செல் வேண்டும், திரவ ஈஸ்ட் பாக்கெட்டில் புதிதாக இருக்கும்போதே 10,000 கோடிதான், நாள் ஆக ஆக அதுவும் செத்துக்கொண்டே வரும். அதனால் முதலில் ஒரு சின்ன ஜாடியில் நீர்த்த மால்ட் (முளைகட்டிய தானியம்) கரைசல் கொடுத்துப் பெருக்கிவிட்டுத்தான் பெரிய பானைக்குப் போக வேண்டும்.

போன மாதம் அலமாரியில் காலாவதியாகி எட்டு மாதமான ரொட்டி ஈஸ்ட் பொட்டலம் ஒன்று கிடைத்தது. வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் அசையவே இல்லை. புதுப் பொட்டலம் வாங்கினால் வேலை முடிந்தது, தெரியும். இருந்தாலும் பத்தில் ஒன்றாவது உயிரோடு இருக்காதா என்று கை அரித்தது. பீர் ஈஸ்ட்டில் பலவும் ரொட்டி ஈஸ்ட்டும் ஒரே இனம்தானே.

மால்ட் பொடி இங்கே கிடைக்காது. மளிகைக் கடை பார்லியை ஊறவைத்துப் பார்த்தேன், முளைக்கவில்லை, தோலோடு கருவையும் தீட்டி எடுத்துவிடுகிறார்கள். சம்பா கோதுமை மூன்றே நாளில் முளைத்தது. காயவைக்க வெயில் எங்கே, ஜூலையில் இங்கே மொட்டைமாடி பூராவும் மேகம். ஈரத்தோடவே மிக்ஸியில் அடித்து 65 டிகிரித் தண்ணீரில் கரைத்து ஹாட்பாக்ஸில் மூடிவைத்தேன். மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டதா என்று பார்க்க, காயத்துக்குப் போடும் அயோடின் ஒரு சொட்டு: வெள்ளைத் தட்டில் கரைசலோடு சேர்ந்ததும் முதலில் மை கொட்டியது போல் கருநீலம், ஒரு மணி நேரம் கழித்து வேறொரு சொட்டு விட்டால் அயோடின் நிறம் அப்படியே பழுப்பாக நின்றது. இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வடிகட்டி, ஹைட்ரோமீட்டரில் 1.038 வருகிற அளவுக்குத் தண்ணீர் சேர்த்தேன். கரைசலின் அடர்த்தியைக் காட்டும் கருவி அது, வெறும் தண்ணீர் என்றால் 1.000, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும். லீட்ஸில் லிட்டருக்கு 100 கிராம் மால்ட் பொடி போட்டால் வருகிற கணக்குதான் இது.

முதல் ஜாடி. பழைய ஈஸ்ட்டைக் கரைசலில் போட்டுச் சமையல் மேடையில் வைத்தேன், ராத்திரி 16 டிகிரி. இரண்டு நாள் ஆகியும் நுரை இல்லை, கலங்கல் தண்ணீர்தான். செத்துப்போச்சு என்று சிங்க்கில் கவிழ்த்தேன். கடைசியில் அடியிலிருந்து வெளிர் மஞ்சளாக ஒரு படலம், கழுநீர் அடியில் படியுமே அந்த மாதிரி, வழுக்கிக்கொண்டு போய் ஓட்டையில் இறங்கிற்று. பாதி கோதுமைப் புரதமாகவே இருக்கட்டும், மீதி ஈஸ்ட்தானே! அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஏன்டா, மாவு பொங்கலைன்னா நான் கொட்டிடுவேனா? இன்னொரு கம்பளி போத்துவேன்.”

சரி, கம்பளி. இரண்டாவது ஜாடியைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வெந்நீர்ப் பையோடு வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் 38 டிகிரி, நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது, சந்தோஷத்தில் போட்டோ எல்லாம் எடுத்தேன். அப்புறம்தான் மோந்து பார்த்தேன். மூன்று நாள் வெளியே கிடந்த இட்லி மாவு வாடை. கரைசலை வெறுமனே கொதிக்கவைத்ததோடு விட்டதும் தப்பு, இந்த 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மிச்சமிருந்த கிருமிக்கு வெந்நீர்ப் பை வேறு கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவதற்குக் கரைசலைப் பாட்டிலோடு குக்கரில் 15 நிமிடம் வைத்தேன். குக்கருக்குள் 116 டிகிரி வரும். ஆறவைத்து, வண்டலை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுத்தேன். சூடு எதுவும் கொடுக்கவில்லை, அடுப்பு மூலையில் 19, 20 டிகிரி இருந்தது, அது போதும். அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜாடியைச் சுழற்றிவிட்டேன். ஈஸ்ட் பெருகும்போது செல்சுவருக்கு உள்ளிருக்கும் சவ்வைக் கட்ட ஆக்சிஜன் வேண்டும், லீட்ஸில் சுழற்றுகிற வேலையைத் தானாகக் கலக்கும் காந்தத் தட்டு செய்தது, இங்கே என் மணிக்கட்டு. இந்த முறையும் நுரை பெரிதாக இல்லை, ஆனால் கொட்டாமல் அளந்தேன்: இரண்டாம் நாள் 1.024, நான்காம் நாள் 1.010. கண்ணுக்கு ஒன்றும் நடக்காத ஜாடியில் சர்க்கரை முக்கால்வாசி காலி.

ஒரு வேடிக்கை, மலையில் வெள்ளைக்காரர்கள் பீர் ஆலை வைத்ததற்கு இந்தக் குளிர் ஒரு முக்கியக் காரணம், ஐஸ் மெஷின் வருவதற்கு முந்தைய காலம் அது. 1915இல் யுனைடெட் புரூவரீஸாக ஒன்றுசேர்ந்த ஐந்து ஆலைகளில் நீலகிரியின் காசில் புரூவரியும் உண்டு. நான் அதே குளிரோடு இரண்டு வாரம் சண்டை போட்டிருக்கிறேன்.

ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பார்த்தால் இரண்டு ஸ்பூன் கெட்டி வண்டல். ஒரு ஸ்பூனை 400 கிராம் மாவில் பிசைந்தேன். உப்ப ஏழு மணி நேரம் எடுத்தது, பக்கவாட்டில் ஒரு விரிசல், மற்றபடி புளிப்பு இல்லாத நல்ல ரொட்டி. மீதி ஒரு ஸ்பூன் ஃபிரிட்ஜில் மோர் டம்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறது. “கொட்டாதே” என்று அம்மாவே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.