லிப்சோடியத்தை பிரவுசரில் ஓடவைத்த அனுபவம்

சி மொழியில் எழுதிய லிப்சோடியம் என்னும் குறியாக்க லைப்ரரியை எம்ஸ்கிரிப்டன் என்னும் கம்பைலர் கருவி மூலம், பிரவுசரில் ஓடும் பைனரி வடிவமான வெப்அசெம்ப்ளிக்கு (சுருக்கமாக வாஸ்ம்) மாற்றும்போது கம்பைல் கட்டம் பெரிய தொல்லை தருவதில்லை. எம்ஸ்கிரிப்டனின் எம்கன்ஃபிகர் கட்டளை வழியாக கன்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டி, ஷேர்டு லைப்ரரி, அசெம்ப்ளி, பித்ரெட்ஸ் (த்ரெட் வசதி), ஸ்டாக் பாதுகாப்பு, பிஐஇ (எந்த முகவரியிலும் ஏறக்கூடிய நிரல் வடிவம்) ஆகியவற்றை அணைத்துவிட்டு எம்மேக் கொடுத்தால் ஸ்டாட்டிக் லைப்ரரி கிடைத்துவிடும். எம்ஸ்கிரிப்டனின் எம்சிசி கட்டளையால் லிங்க் செய்யும்போது வேண்டிய ஃபங்ஷன்களை, பெயருக்கு முன் அண்டர்ஸ்கோர் சேர்த்து, எக்ஸ்போர்ட் பட்டியலில் தர வேண்டும். நினைவகத்தை ஒதுக்கும் மால்லாக், விடுவிக்கும் ஃப்ரீ இரண்டும் அதில் இருக்கட்டும். வழக்கமான ஃபங்ஷன்களே போதுமென்றால் ஆயத்தமாகக் கிடைக்கும் லிப்சோடியம் ஜேஎஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், இவ்வளவு பாடு வேண்டாம்.

சிக்கலெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்டும் வாஸ்மும் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில்தான். லிப்சோடியத்தில் செய்தியின் நீளம் 64 பிட் எண். பிக்இன்ட் (ஜாவாஸ்கிரிப்ட்டின் பெரிய முழு எண் வகை) வசதி இல்லாத பில்டில் அது கீழ் 32, மேல் 32 என இரண்டு ஆர்குமென்டாகப் பிரிந்துவிடும். மேல் பாதிக்கு 0 கொடுக்காவிட்டால் அடுத்து வரும் பாயின்டர்கள் (நினைவக முகவரிகள்) எல்லாம் ஓரிடம் தள்ளிப் போய் உட்காரும். ஷா-256 ஹாஷ் ஃபங்ஷனில் நீளம்தான் கடைசி ஆர்குமென்ட் என்பதால் அதிர்ஷ்டவசமாகச் சரியான விடையே வரும். கையொப்பமிடும் ஃபங்ஷனிலோ ரகசியச் சாவியின் முகவரியே நீளத்தின் மேல் பாதியாகி, நினைவக எல்லையைத் தாண்டியதாகப் பிழை வரும். அதனால் ஹாஷ் சோதனை தேறிவிட்டது என்று நிம்மதியடையக் கூடாது. பிக்இன்ட் வசதியுள்ள பில்டில் சாதாரண எண்ணைக் கொடுத்தால் டைப்எரர் வந்துவிடும். அது எவ்வளவோ மேல்.

இதைவிட ஆபத்தானது, கடவுச்சொல்லிலிருந்து சாவி உருவாக்கும் ஆர்கான்2. லிப்சோடியத்தின் இன்டராக்டிவ் என்னும் முன்னமைவுக்கே 64 எம்பி நினைவகம் வேண்டும். எம்ஸ்கிரிப்டனின் தொடக்க அளவு 16 எம்பிதான். நினைவகம் வளர அனுமதிக்காத பில்டில், நினைவகம் போதாதபோது நிரலையே நிறுத்திவிடும் இயல்பான அமைப்பை (அபார்ட்டிங் மால்லாக்) அணைத்திருந்தால், ஃபங்ஷன் -1 திருப்பித் தரும். வெளியீட்டு பஃபரை அது முதலிலேயே சுழியமாக்கிவிடுவதால், திரும்பி வரும் மதிப்பைப் பார்க்காத நிரலுக்குக் கிடைப்பது வெறும் சுழியங்களால் ஆன சாவி. அதைக் கொண்டு குறியாக்கமும் குறிநீக்கமும் எந்தப் புகாருமின்றி நடக்கும்!

சரி, வளர அனுமதித்தால்? நினைவகம் வளர்ந்ததும் பழைய ஹீப் வியூக்களின் (வாஸ்ம் நினைவகத்தைக் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் அரேக்கள்) நீளம் 0 ஆகிவிடும். அவற்றில் எழுதுவது சத்தமில்லாமல் காணாமல் போகும். எனவே ஹீப்பை மாறிலியில் பிடித்து வைக்காமல் ஒவ்வொரு முறையும் மாட்யூலிடம் புதிதாகக் கேட்க வேண்டும். விடையை அதே நினைவகத்தைச் சுட்டும் சப்அரேயாக வைத்துக்கொள்ளாமல் ஸ்லைஸ் செய்து நகலெடுக்க வேண்டும்.

ரேண்டம் எண்களுக்கு பிரவுசரின் கெட்ரேண்டம்வேல்யூஸ் மட்டுமே சரி. ஒரு அழைப்புக்கு 65,536 பைட்தான் தரும், கூடுதலாகக் கேட்டால் பிழை. த்ரெட்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு அரேபஃபரில் நேரடியாக நிரப்பவும் ஒப்பாது. தனி அரேயில் வாங்கி நகலெடுக்க வேண்டும்.

நினைவகம் டிஸ்க்குக்குப் போகாமல் பூட்டும் எம்லாக், எல்லை மீறலைப் பிடிக்கும் காவல் பக்கங்கள் போன்ற பாதுகாப்புகளை பிரவுசரில் எதிர்பார்க்க முடியாது. சாவியை ஃப்ரீ செய்யும் முன் மெம்சீரோ கொடுங்கள், ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்து நகலையும் சுழியமாக்குங்கள்.

சர்வர் வாஸ்ம் கோப்பை அதற்குரிய மைம் வகையில் (கோப்பு எத்தகையது என்ற குறிப்பு) அனுப்பாவிட்டால் ஸ்ட்ரீமிங் முறையில் ஏறாது. கடுமையான சிஎஸ்பி (பக்கத்தில் எந்த நிரல் ஓடலாம் என்ற பாதுகாப்புக் கொள்கை) இருந்தால் வாஸ்மை அனுமதிக்கும் விதியும் வேண்டும். கையொப்ப முறையான எட்25519-க்கு ஆர்எஃப்சி 8032 ஆவணத்தின் சோதனை மதிப்புகளையும், ஆர்கான்2-க்கு பிரவுசருக்கு வெளியே நேரடியாக ஓடும் நேட்டிவ் பில்டின் விடைகளையும் வைத்து பிரவுசருக்குள்ளேயே ஒப்பிடுங்கள்.