தாளடிப் பருவத்தில் ஒரு சேற்றுப் பந்தயம்

முகமெல்லாம் சேறு அப்பியிருக்க, தோளில் சைக்கிளைச் சுமந்தபடி நான் மேடேறும் படம் ஒன்றைச் சனிக்கிழமை மாலை அம்மாவுக்கு அனுப்பினேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் அப்போது இரவு ஒன்பதரை மணி கடந்திருக்கும். அம்மா உறங்கியிருப்பார் என்று நினைத்தேன். உடனே குரல் பதிவு வந்தது. “இந்தச் சேத்துல எறங்கக் கூடாதுன்னுதானே பாப்பா உன்னப் படிக்க வச்சேன்? அங்க போயும் சேறா?”

அவர் கோபப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அந்த வருத்தத்தின் காரணம் எனக்குத் தெரியும். குறுவை, சம்பா, தாளடி என்று எந்தப் பருவமானாலும் அடுத்தவர் வயலில் குனிந்து நடவு நட்டே என்னை வளர்த்தவர் அவர். மருதாணியை அலங்காரத்திற்காக அவர் வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வெடித்த இரவுகளில்தான் அதை அரைத்து அப்பிக்கொண்டு படுப்பார். நான் செவிலியர் படிப்பு முடித்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஊரில் எல்லோரிடமும் அவர் சொன்னது சம்பளத்தைப் பற்றியல்ல. “கால்ல சேறு படாத வேலை” என்றுதான் சொன்னார்.

அப்படிப்பட்டவருக்கு, நுழைவுக் கட்டணம் செலுத்திச் சேற்றில் இறங்கும் ஒரு விளையாட்டை எப்படி விளக்குவது? சைக்ளோகிராஸ் என்பது அதன் பெயர். கோடையில் தார்ச்சாலையில் பந்தயம் ஓட்டுபவர்கள் குளிர்காலத்திலும் உடல் தளராமல் இருப்பதற்காக வயல்வெளியிலும் வேலிகளைத் தாண்டியும் ஓட்டத் தொடங்கியதிலிருந்து பிறந்த விளையாட்டு இது. 1902இலேயே பிரான்சில் இதற்குத் தேசியப் போட்டி நடந்திருக்கிறது. உலகப் போட்டி 1950இல் பாரிசில் தொடங்கியது. பெண்களுக்கான உலகப் போட்டி வருவதற்கு மட்டும் 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இன்றும் என்னால் எளிதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதை. அதில் புல்வெளி, சரிவு, மரவேர்கள், மணல், சில இடங்களில் படிக்கட்டு, குறுக்கே நிறுத்திய பலகைத் தடைகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சேறு. ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்ட வேண்டும். முடியாத இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். யார்க்‌ஷயர் மக்களுக்கு இது சொந்த வீட்டு விளையாட்டு. லீட்ஸின் ரவுண்ட்ஹே பூங்காவில் 1992இல் உலகப் போட்டியே நடந்திருக்கிறது. 2022இல் உலகப் பட்டம் வென்ற டாம் பிட்காக் இந்த ஊர்க்காரர்.

என்னோடு வார்டில் பணிபுரியும் ஒரு பெண்மணிதான் என்னை இதற்குள் அழைத்துவந்தவர். அந்த வார இறுதியில் இரண்டு பந்தயங்கள்: சனிக்கிழமை பெனைன் மலைகளுக்கு மேற்கே லங்காஷயரில் ஒரு பள்ளித் திடலில், ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் யார்க்‌ஷயரில். காலையில் சிறுவர் சிறுமியர், பிறகு பெண்களும் மூத்தோரும், பிற்பகலில் வேகக்காரர்கள் என்று நாள் முழுவதும் அந்த ஒரே பாதையைச் சக்கரங்கள் உழுதுகொண்டே இருக்கும். ஆகையால் காலையில் புல்லாக இருந்த இடம் எங்கள் முறை வரும்போது தொளியாகிவிட்டிருக்கும். முதல் நாள் இரவெல்லாம் மழை வேறு. தொடக்கக் கோட்டில் என்னைச் சுற்றி நின்றவர்கள் திடலின் கீழ்ப்பகுதியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கோ மனம் துள்ளியது.

சேறு எல்லாம் ஒன்றல்ல. மேலே தண்ணீர் நிற்கும் சேற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது சக்கரத்தில் ஏறும், அடுத்த சுழற்சியில் கழன்றுவிடும், அடியில் கெட்டித் தரையும் கிடைக்கும். மழை விட்டு, காற்றடித்து, அரைகுறையாக உலர்ந்த சேறுதான் பொல்லாதது. அது புல்லோடு சேர்ந்து சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் திரண்டு, சைக்கிளை இருமடங்கு கனக்க வைக்கும். இங்கே பல பருவங்கள் ஓட்டியவர்கள் கற்றுக்கொள்ளும் இந்த வித்தியாசம், பரம்படித்த வயலின் வரப்பில் உட்கார்ந்து வளர்ந்த எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. எல்லோரும் ஓரமாக, காய்ந்ததுபோல் தோன்றிய தடத்தில் சிக்கித் திணறியபோது, நான் நடுவில் தண்ணீர் நின்ற தடத்தில் இறங்கி ஓட்டிப் பலரைக் கடந்தேன். கால் புதையும் இடத்தில் இறங்கி ஓடும்போதும் அப்படித்தான். காலை நேரே மேலே இழுத்தால் சேறு விடாது. குதிகாலை முதலில் நெகிழ்த்தி, காற்று உள்ளே புகுந்த பிறகு எடுக்க வேண்டும். என் ஐந்து வயதில், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்ட என்னிடம் அம்மா கற்றுத்தந்தது அது.

பலகைத் தடைகளையும் சொல்ல வேண்டும். அவற்றின் உயரம் 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தடை வருவதற்கு முன்பே, ஓடும் சைக்கிளில் வலக்காலைப் பின்புறமாகச் சுழற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து, இடப் பெடலில் ஒற்றைக் காலில் நின்றபடி வந்து, வேகம் குறையாமல் தரையில் குதித்து ஓட வேண்டும். புதிதாக வருபவர்கள் பூங்காவில் பல வாரம் பயிற்சி செய்வது இதைத்தான். எங்கள் ஊர்த் தபால்காரர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அப்படித்தான் இறங்குவார். அம்மாவும் அப்படித்தான் இறங்குவார். அவர் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆவுடையார்கோயில் பக்கம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தந்தபோது கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். பதினொன்றாம் வகுப்பில் அரசு எனக்குக் கொடுத்த விலையில்லாச் சைக்கிளை முதலில் ஓட்டிக் காட்டியதும் அவர்தான். ஆகவே, அவருக்குச் சைக்கிளின் மீது எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் சேற்றின் மீதுதான்.

அன்றிரவு, குடியிருப்பின் பின்புற முற்றத்தில் குழாய்த் தண்ணீரில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். லீட்ஸ் எனக்கு ஊராகிவிட்டது. நான்கு மணிக்கு இருட்டிவிடும் நவம்பர் இப்போது என்னை அச்சுறுத்துவதில்லை. பக்கத்து வீட்டு முதியவர் என் பெயரைச் சரியாக அழைக்கிறார். சந்தையில் முருங்கைக்காய் எந்தக் கடையில் எந்தக் கிழமை வரும் என்பது தெரியும். இனி ஏக்கம் இல்லை என்று நம்பத் தொடங்கியிருந்த அந்த நேரத்தில், சங்கிலியின் இடுக்கிலிருந்து கழன்று விழுந்த சேற்றின் வாசம் எழுந்தது. ஐப்பசி மழையில் தாளடி நடவு முடிந்து, முக்காட்டுக்குப் போட்ட உரச்சாக்கோடு அம்மா வாசலில் வந்து நிற்கும்போது அந்த வாசம்தான் முதலில் வீட்டுக்குள் வரும். தவலைத் தண்ணீரை நான் ஊற்ற ஊற்ற, அவர் கால்களைத் தேய்த்துக் கழுவுவார். இப்போது பக்கத்து வயல்களில் நடவு இயந்திரம் வந்துவிட்டது. அம்மாவும் நடவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அதில் எனக்கு நிம்மதிதான். இருந்தாலும் குழாயை மூட வெகுநேரமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைப் பாதை கடினமானது. வழுக்கும் செங்குத்து மேடு ஒன்று. யாராலும் அதில் ஓட்டி ஏற முடியவில்லை. சட்டத்தைத் தோளில் மாட்டி, கையை அடியில் கொடுத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். முதல் நாள் வலி தொடையில் அப்படியே இருந்தது. முன்னணியில் இருந்த பெண்கள் ஒரு முழுச் சுற்று முந்திச் சென்று என்னைக் கடந்தார்கள்; கடக்கும்போது ஒருத்தி மூச்சிரைக்க “நன்றாகப் போகிறீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. முதலாவது வருபவர் முடித்ததும், பின்னால் இருக்கும் எல்லோரும் தாங்கள் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றோடு முடித்துக்கொள்ளலாம். வேகமானவர் கூடுதல் சுற்றுகள் ஓடியிருப்பார், மெதுவானவர் குறைவாக. ஆனால் சில நிமிட இடைவெளியில் எல்லோரும் கோட்டைக் கடந்துவிடுவார்கள். ஆளில்லாத திடலில் ஒருவரைத் தனியே ஓடவிட்டுக் கலைந்துபோவது இங்கே இல்லை. நடவிலும் அப்படித்தான். தன் பத்தியை முதலில் முடித்தவள் கரையேறிவிட மாட்டாள். பின்தங்கியவளின் பத்தியில் எதிர்ப்பக்கமிருந்து நட்டுக்கொண்டு வருவாள்.

என் பந்தயம் முடிந்து, தேநீர்க் குவளையோடு அந்த மேட்டின் ஓரத்தில் நின்றேன். பிற்பகல் பந்தயத்தில், எல்லோருக்கும் கடைசியாக ஒரு இளைஞன் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு, இரண்டு அடி ஏறி ஓர் அடி வழுக்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் மாட்டு மணிகளை ஆட்டி உற்சாகப்படுத்தினார்கள். என்னிடம் மணி இல்லை. எங்கள் பக்கம் முதல் நாற்று முடியைப் பிரிக்கும்போது பெண்கள் இடுவதுபோல, நாக்கைச் சுழற்றி நீண்ட குலவை ஒன்றை இட்டேன். மணிச் சத்தம் ஒரு கணம் நின்றது. அந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்து, சிரித்து, மேடேறிவிட்டான். அதன் பிறகு ஒவ்வொருவர் வரும்போதும் பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு சிறுமி அதைக் கற்றுக்கொள்ள முயன்று முயன்று கிட்டத்தட்டப் பிடித்துவிட்டாள்.

குலவையின் ஒலிப்பதிவை மட்டும் அம்மாவுக்கு அனுப்பினேன். “ஆரம்பம் சரியா இருக்கு, முடிக்கிறப்ப மூச்சு பத்தல” என்று பதில் வந்தது. அடுத்த பந்தயம் நடக்கும் இடம் களிமண் பூமி என்கிறார்கள். அதற்கேற்ற கனத்த பற்களுள்ள டயர்களைத் தோழி இரவலாகத் தந்திருக்கிறார். வியாழக்கிழமையோடு மழை விட்டுவிட்டால் அந்தக் களி காய்ந்து ஒட்டும். சனிக்கிழமை இரவு வரை விடாமல் பெய்ய வேண்டும்.